இந்த ரோட்டுக்கு ஆகாத லைட்

இந்தக் காலத்து ஆட்களுக்கு இடிக்க மட்டும்தான் தெரியும். இறங்கி வந்து, "ஐயா, கவனிக்கல, தப்பு என்னோடதுதான்" என்று சொல்ல வாய் வராது. சொன்னால் என்ன, தலையையா சீவிவிடப் போகிறோம்? நாம் இரண்டு வார்த்தை திட்டுவோம், அவன் நாலு வார்த்தை திருப்பித் திட்டுவான், அதோடு முடிந்தது. இப்போது அப்படியில்லை. திரும்பிப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பான், அடுத்தவன் வண்டியை நொறுக்குவான், அதே கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவான். பக்கத்தில் நின்றவனைக் கேட்டால், அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். கண்ணெதிரே வீடு பற்றி எரிந்தாலும் போனில் வந்தால்தான் பார்ப்பார்கள்.

டார்ச்சுக்காரர் இதைக் காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டார். கேட்பதற்கு வீட்டில் மனைவி ஒருத்திதான். அவளும் மூன்றாவது தடவையோடு காதை மூடிக்கொண்டாள்.

"ஏங்க, இடிச்சவன் ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டா இருக்கான்? ஆகவேண்டியதைப் பாருங்க. மணி பத்தரை."

ஆகவேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வாடகைக்கு ஓடும் கார் அது. வயது பதினேழு. வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்டிங் ஆபீசுக்குக் கொண்டுபோய், ஓடத் தகுதியுள்ள வண்டிதான் என்று காகிதம் வாங்கவேண்டும். பழைய காகிதம் இன்றோடு முடிகிறது. பதினைந்து வருஷம் தாண்டிய வாடகை வண்டி ஒரு நாள் தவறினாலும் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், புதுச்சட்டம். மாலை மூன்றரைக்கு ஆபீஸ் கேட் மூடும். அதற்குள் உள்ளே நுழையாவிட்டால் நாளையிலிருந்து அது வண்டியில்லை, நாலு சக்கரம் வைத்த தகரப் பெட்டி. நேற்றுச் சாயங்காலம்தான் எவனோ புண்ணியவான் ஓட்டுநர் பக்க ஹெட்லைட்டைத் தேங்காய்ச் சில்லு மாதிரி நொறுக்கிவிட்டுப் போயிருந்தான்.

வண்டி போனால் அப்புறம் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு பின்னறை காலியாக இருக்கிறது. இரண்டு வருஷமாக அவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இப்போதும் போன் அடித்தது.

"மாமா, ஷோரூம்ல கேட்டேன். புது லைட் பதினோராயிரம். வர்றதுக்குப் பத்து நாள் ஆகுமாம்."

"பத்து நாள்ல நான் லைட்டை வாங்கி என் தலைமாட்டுலதான் வச்சுக்கணும்."

"அதான் சொல்றேன், இதை ஒரு சகுனமா எடுத்துக்குங்க. அறுபத்தெட்டு வயசுல எதுக்கு ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அலையணும்? அத்தையைக் கூட்டிக்கிட்டு வந்து நிம்மதியா இருங்க. டி.வி. இருக்கு, சோபா இருக்கு."

"சோபாவுக்கு யாராவது வாடகை தருவாங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

உண்மையைச் சொன்னால், நேற்று லைட் உடைந்ததைப் பார்த்ததும் அவருக்கு முதலில் சந்தேகம் வந்ததே மாப்பிள்ளை மேல்தான். அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று மகளிடம் இரண்டு தடவை, வெவ்வேறு விதமாகக் கேட்டார். வெளியூரில் இருந்தாராம். இருந்திருக்கலாம்.

ஆள் அப்படி. சட்டைப் பையில் எப்போதும் விரல் நீளத்துக்கு ஒரு டார்ச் இருக்கும். பெட்ரோல் போடும்போது மீட்டரில் அடித்துப் பார்ப்பார். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பி அடித்துப் பார்ப்பார். மாப்பிள்ளை முதல்முதலாக வீட்டுக்கு வந்த அன்று வாசலில் கிடந்த அவருடைய ஷூவைத் தூக்கி அடிப்பாகத்தில் அடித்துப் பார்த்தவர். தேய்மானம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். பெயர் என்ன என்பது ரேஷன் கார்டு மாதிரி எங்கேயோ பத்திரமாக இருந்தது. தெருவில் அவர் டார்ச்சுக்காரர்தான்.

வண்டியை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் ஷெட்டுக்குப் போனார். வண்டிகளுக்கு வயர் வேலை பார்க்கிறவன், நாற்பது வயது, வாயில் எப்போதும் ஒரு துண்டு வயரைக் கடித்துக்கொண்டிருப்பான். இருபது வருஷப் பழக்கம். அதனால் அவனை அவர் பாதிதான் சந்தேகப்படுவார்.

அவன் சுற்றிவந்து பார்த்தான். "கண்ணாடி போச்சு, உள்ள இருக்கிற பளபளப்பும் போச்சு. ஒட்டவெல்லாம் முடியாது பெரியவரே. பழசு ஒண்ணு தேடிப் பிடிச்சுக் கொண்டாங்க. தெருக்கோடியில வண்டி உடைக்கிற யார்டு இருக்கே, அந்த அம்மாகிட்ட இருக்கும். நான் அதுக்குள்ள முன்பக்கத்தைக் கழட்டி வைக்கிறேன்."

"கழட்டுறதுக்கு முன்னாடி எத்தனை போல்ட்டுன்னு சொல்லு."

"பன்னிரண்டு."

"மாட்டும்போதும் பன்னிரண்டு இருக்கணும்."

"பதிமூணா மாட்டித் தர்றேன், போங்க."

யார்டு பத்து நிமிஷ நடை. தகர வேலிக்குள் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்தன. கதவில்லாதது, மூக்கில்லாதது, வயிற்றைத் திறந்துபோட்டது. அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு இந்த நேரம் தன்னுடையதும் அந்த அடுக்கில் ஏறலாம்.

கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆண்கள் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டு, கைகளை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தாள். ஒரு காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். அவரைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் தாடையால் என்னவென்று கேட்டாள். வண்டி மாடலைச் சொன்னார். எந்தப் பக்கம் என்று கையால் கேட்டாள். ஓட்டுநர் பக்கம் என்றார். மேஜைக்குப் பின்னால் போய் ஒரு லைட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

டார்ச் வெளியே வந்தது. கண்ணாடியில் அடித்தார். மங்கல் இல்லை. உள்ளே அடித்தார். தண்ணீர் இல்லை. பின்னால் திருப்பினார். வண்டியோடு சேர்த்து முடுக்குகிற காது மூன்றில் ஒன்று பாதியோடு ஒடிந்திருந்தது.

"ஏம்மா, இதுல ஒரு காது ஒடிஞ்சிருக்கே?"

"ரெண்டு காது நல்லாத்தான இருக்கு. மூணாவதை ஒட்டித் தர்றேன். தொள்ளாயிரம்."

"தொள்ளாயிரம் குடுத்து ஒடிஞ்சதை வாங்கவா காலையில கிளம்பி வந்தேன்?"

அவள் போனில் யாரையோ டயருக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். டார்ச்சுக்காரர் தானாகவே மேஜைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே, அலமாரியின் கீழ்த்தட்டில், அதே லைட் இன்னொன்று. அதே மாடல், அதே பக்கம். தூசி தட்டினால் புதுசு. மூன்று காதும் முழுசு. கண்ணாடியில் மட்டும் சாக்பீசால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

அவருக்குப் புரிந்துபோயிற்று. இத்தனை வருஷம் ஊரைப் பார்த்த கண்ணல்லவா? நல்லதை வேண்டப்பட்டவனுக்கு ஒதுக்கிக் குறி போட்டு வைத்துவிட்டு, ஒடிந்ததை வழிப்போக்கன் தலையில் கட்டுவது. துணிக்கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

"அது யாருக்கு?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அது உங்களுக்கு ஆகாது. வேற தேசத்துலேர்ந்து வந்த வண்டியோடது. இந்த ரோட்டுக்கு ஆகாத லைட்."

"லைட்டுக்கு ரோடு தெரியுமா?"

"தெரியும் பெரியவரே. அங்க ரோட்டுல எதிர்ப் பக்கமா போவாங்க, அதனால வெளிச்சம்..." போனில் யாரோ கத்தினான். "ஒரு நிமிஷம் இருடா, இங்க ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

"எனக்குக் கதை வேணாம்மா. எரியுமா எரியாதா?"

"எரியும்."

"என் வண்டியில உக்காருமா?"

"உக்காரும். ஆனா..."

"அதையே குடு. தொள்ளாயிரம்தான?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். முதல்தடவையாக அவரை முழுசாகப் பார்த்தாள். "சொல்லிட்டேன். அப்புறம் வந்து வாசல்ல நின்னு கத்தக்கூடாது. அங்க எழுதியிருக்கு பாருங்க, வித்தது வித்ததுதான்."

எழுத்தை அவர் படிக்கவில்லை. எழுத்துக்கும் அவருக்குமான உறவு நாலாம் வகுப்போடு தீர்ந்தது. மேஜை மேலிருந்த பழைய பேட்டரியில் வயரை வைத்து லைட்டை எரிய வைத்துப் பார்த்தார். பகல் வெயிலில் பளிச்சென்று எரிந்தது. சாக்பீஸ் குறியைக் கட்டைவிரலால் அழித்தார்.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "உடைஞ்ச லைட் எங்க? அதைக் கொண்டாந்து குடுத்தா நூறு குறைச்சுக்கிறேன்."

உடைந்த கண்ணாடிக்கு நூறா? அப்படியென்றால் அதில் முந்நூறுக்கு ஏதோ இருக்கிறது. "அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று நடந்தார்.

ஷெட்டில் எலக்ட்ரீஷியன் லைட்டை வாங்கித் திருப்பிப் பார்த்து விசிலடித்தான். "எங்க பெரியவரே பிடிச்சீங்க? புதுசு மாதிரி இருக்கே."

"பிடிக்கிற இடத்துல பிடிக்கணும்" என்றார். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் முதல் தெளிவு அப்போதுதான் வந்தது.

லைட் உட்கார்ந்தது. மூன்று காதும் போல்ட்டைப் பிடித்துக்கொண்டன. மணி ஒன்றரை. எலக்ட்ரீஷியன் ஷட்டரைப் பாதி இறக்கினான். எதிர்ச் சுவரில் அவனே பல வருஷத்துக்கு முன்னால் கரியால் கிழித்த கோடு ஒன்று உண்டு. லைட் உயரம் சரியாக இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பான். வண்டியில் ஏறி சுவிட்சைப் போட்டான்.

சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்தது. எலக்ட்ரீஷியன் இறங்கி வந்து பார்த்தான். வாயிலிருந்த வயர் கீழே விழுந்தது.

"என்னடா?"

"பெரியவரே, அந்தப் பக்கத்துப் பழைய லைட்டோட வெளிச்சத்தைப் பாருங்க. எதிர்ல வர்றவன் பக்கம் கோட்டுக்குக் கீழேயே நிக்குது. ரோட்டு ஓரத்துப் பக்கம் மட்டும் சாய்வா மேல ஏறுது. ஓரத்துல நடக்கிற ஆள் தெரியணும், எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசக்கூடாது. அதுக்குத்தான் அப்படிப் பண்ணியிருக்கான். இப்ப புதுசைப் பாருங்க."

பார்த்தார். புதுசில் வெளிச்சம் தலைகீழாக இருந்தது. ரோட்டு ஓரத்தை இருட்டில் விட்டுவிட்டு, எதிரே வருகிறவன் கண்ணைப் பார்த்துச் சாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

"ரோட்டுல அந்தப் பக்கமா போற தேசத்து லைட்டு இது. நம்ம ரோட்டுக்கு ஆகாது."

அதே வார்த்தை. டார்ச்சுக்காரருக்குக் காதுமடல் சூடானது.

"திருகித் திருப்ப முடியாதா?"

"மேல கீழ திருகலாம். சாய்வு கண்ணாடிக்குள்ளயே இருக்கு, அதை மாத்த முடியாது."

"கறுப்பு டேப் ஒட்டி மறைச்சுட்டா?"

"டெஸ்டிங்ல வெளிச்சம் அளக்குற பெட்டி வச்சுப் பாக்குறான் பெரியவரே. டேப்பைப் பாத்தா சிரிச்சுட்டு வெளிய தள்ளுவான். அந்த அம்மா இதை ஒண்ணும் சொல்லலையா உங்ககிட்ட?"

அவர் டார்ச்சை எடுத்துச் சுவரில் அடித்துப் பார்த்தார். அவன் இன்னொரு தடவை கேட்கவில்லை; இருபது வருஷப் பழக்கம் எதற்காவது உதவவேண்டாமா? பன்னிரண்டு போல்ட்டையும் மறுபடி கழற்ற ஆரம்பித்தான். அதற்கு நடுவே போன் அடித்தது. மாப்பிள்ளை.

"என்ன மாமா, வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுக்கிட்டே இருக்கு."

"முடியலேன்னா விட்டுருங்க மாமா. நான் சாயங்காலம் வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறேன். பின்னறையைச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டேன்."

அறையைச் சுத்தம் செய்தாயிற்றாம். டார்ச்சுக்காரருக்கு அந்த அறை தெரியும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, மாத்திரை சாப்பிட்டீங்களா என்று யாராவது கேட்பதற்காகக் காத்துக்கொண்டு, மிச்ச நாளெல்லாம். அவர் லைட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மணி இரண்டு. முன்பக்கம் கழற்றிய வண்டி ஷெட்டில் வாய் பிளந்து நின்றதால் நடந்துதான் ஆகவேண்டும். வலது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்டது. வழி நெடுக அவர் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். ஏமாற்றி விற்றாய் என்று சொல்ல முடியாது, அவள் சொன்னாள். சரியாகச் சொல்லவில்லை என்று சொல்லலாம். போனில் பேசிக்கொண்டு வியாபாரம் பார்த்தால் இப்படித்தான் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும், வித்தது வித்ததுதான் என்று அவள் பலகையைக் காட்டினால் கதை முடிந்தது. ஒடிந்த காது லைட்டையும் அதற்குள் எவனாவது வாங்கிக்கொண்டு போயிருந்தால், பேசவே வேண்டியதில்லை.

யார்டு வாசலில் ஒரு லாரி குறுக்கே நின்று நசுங்கிய வேன் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தது. கிரேன்காரன் கையை நீட்டித் தடுத்தான். "பெரியவரே, அப்பால நில்லுங்க. தலையில விழுந்தா உங்களையும் சேத்துதான் அடுக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"இறக்குற நேரம்."

சங்கிலியில் வேன் மெதுவாகச் சுற்றியது. இப்படிச் சுற்றினால் எப்போது இறங்குவது? பதினைந்து நிமிஷம் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துக் கேட்டார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதுவும் வேகமாக.

உள்ளே நுழைந்தபோது இரண்டு இருபத்தைந்து. கடைக்கார அம்மா மேஜையில் குனிந்து, சூடு போட்டு ஒட்டுகிற இரும்பை எதன் மேலோ அழுத்திக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் உருகும் வாடை. அவர் பையை மேஜையில் வைத்தார். அவள் நிமிரவில்லை.

"கத்துங்க" என்றாள். "கத்திட்டுச் சொல்லுங்க, நான் வேலையைப் பாத்துக்கிட்டே கேக்குறேன்."

ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "வெளிச்சம் அந்தப் பக்கம் ஏறுது" என்றார்.

"தெரியும்."

"அந்த இன்னொண்ணு இருக்கா?"

அவள் கையிலிருந்ததைத் திருப்பிக் காட்டினாள். ஒடிந்த காது லைட்தான். ஒடிந்த இடத்தில் மெல்லிய கம்பியை வளைத்து உள்ளே புதைத்து, அதன்மேல் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியிருந்தாள். பார்க்க அசிங்கமாக, பூரான் ஊர்ந்த மாதிரி இருந்தது.

"நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பெருக்கல் குறி போட்டதை வாங்கிட்டுப் போனவங்க எல்லாரும் வந்திருக்காங்க பெரியவரே. அதே நாள்ல. நீங்க என்ன, புதுசாவா?"

"அப்ப அதை எதுக்கு அலமாரியில வச்சிருக்க? என்னை மாதிரி ஆளு மாட்டணும்னா?"

"அதுல பல்ப் மாட்டுற கூடு நல்லா இருக்கு, பின்மூடி நல்லா இருக்கு. பிரிச்சு வேற லைட்டுக்குப் போடுவேன். மத்தவங்க குறியைப் பாத்து எதுக்குன்னு கேப்பாங்க. நீங்க பாத்ததும் முடிவு பண்ணிட்டீங்க."

அவர் டார்ச்சை எடுத்தார். பூரான் மாதிரி ஒட்டின இடத்தில் அடித்தார். கட்டைவிரலால் அழுத்தப் போனார்.

"கையை எடுங்க. இன்னும் சூடா இருக்கு. அஞ்சு நிமிஷம் ஆறணும்."

"எனக்கு அஞ்சு நிமிஷம் இல்லம்மா. மூணரைக்கு கேட் மூடிருவான்."

"ஆறாம கொண்டுபோனா ரோட்டுலயே பிச்சுக்கிட்டு விழும். நில்லுங்க."

நின்றார். தன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிஷத்தை அவர் பார்த்ததில்லை; அதுவும் அடுக்கடுக்காக நிற்கும் செத்த வண்டிகளுக்கு முன்னால். அவள் தகரத்தட்டு ஒன்றை எடுத்து ஒட்டின இடத்துக்கு விசிறினாள்.

"எவ்வளவு?" என்றார்.

"எதுக்கு?"

"மாத்தித் தர்றதுக்கு. ஒட்டினதுக்கு."

"ஒண்ணும் வேணாம். ஒட்டித் தர்றேன்னு முதல்லயே சொன்னேனே. ரெண்டும் ஒரே விலைதான்."

இங்கேதான் டார்ச்சுக்காரருக்கு நிஜமாகவே பயம் வந்தது. விற்றதைத் திரும்ப வாங்குகிறாள், ஒட்டிக்கொடுக்கிறாள், காசும் வேண்டாம் என்கிறாள். இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

"சும்மாவெல்லாம் எனக்கு வேணாம்."

"சரி, ஐம்பது குடுங்க."

"ஐம்பதா? ஒரு துண்டுக் கம்பியை உருக்கி ஒட்டினதுக்கா?"

அவள் தகரத்தட்டைக் கீழே வைத்தாள். "பெரியவரே, என்னதான் பண்ணச் சொல்றீங்க? ஒண்ணு பண்ணுங்க. டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னா உங்க உடைஞ்ச லைட்டைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க. பாஸ் ஆகலேன்னா நீங்களே வச்சுக்குங்க. சரியா?"

மறுபடியும் அந்த உடைந்த லைட். அதில் என்னதான் இருக்கிறது? ஆனால் யோசிக்க நேரமில்லை. "சரி" என்றார். சொன்ன பிறகு சொன்னதுதான். அவர் யாரையும் நம்பமாட்டாரே தவிர, அவர் வார்த்தையை நம்பாதவர்கள் தெருவில் இல்லை.

எலக்ட்ரீஷியன் அவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்து ஸ்பேனரோடு தயாராக நின்றான். ஒட்டின காதைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "இது காலையிலயே இருந்துச்சா அங்க?"

"உன் வேலையைப் பாரு."

மூன்றாவது போல்ட்டை முடுக்கும்போது மட்டும் அவன் கை மெதுவாகப் போனது. டார்ச்சுக்காரர் வெளிச்சம் காட்டினார். க்ரீச் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். ஒடியவில்லை. சுவரில் வெளிச்சத்தைப் பார்த்தார்கள்; ஓரத்துப் பக்கம் ஏறியது. நம்ம ரோட்டு லைட். எலக்ட்ரீஷியன் ஸ்குரூவைத் திருகி அந்த லைட்டின் உயரத்தை மட்டும் அவசரமாகக் கரிக்கோட்டுக்குக் கொண்டுவந்தான். மணி மூன்று ஐந்து.

டெஸ்டிங் ஆபீஸ் கேட்டுக்கு அவர் வந்தபோது காவலாளி கேட்டின் ஒரு பாதியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"மணி ஆயிடுச்சு பெரியவரே."

"உன் மணியா, ஆபீஸ் மணியா?" என்று சுவர்க் கடிகாரத்தை நோக்கி டார்ச் அடித்தார். மூன்று இருபத்தெட்டு. காவலாளி சலித்துக்கொண்டு வழிவிட்டான். வண்டியின் பின்சக்கரம் உள்ளே வந்ததும் கேட் மூடியது.

இன்ஸ்பெக்டர் இளவயசு. கண் மட்டும் பழையது. பிரேக் பார்த்தான், ஹாரன் அடித்தான், புகை பார்த்தான். பிறகு தண்டவாளத்தில் ஓடுகிற அந்த வெளிச்சம் அளக்கும் பெட்டியை லைட்டுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தான். ஓட்டுநர் பக்க லைட்டைக் கையால் பிடித்து ஆட்டினான். குனிந்து பின்னால் பார்த்தான்.

"ஒட்டினதா?"

பொய் சொல்லலாம். அவருக்கு வரவில்லை. "ஒரு காது ஒட்டினதுதான்."

இன்னும் பலமாக ஆட்டினான். டார்ச்சுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஆனால் காது இரண்டும் அந்தக் காதின் மேல்தான் இருந்தன. சத்தம் வரவில்லை.

"கெட்டியாத்தான் இருக்கு" என்று பெட்டிக்குள் பார்த்தான். "வெளிச்சமும் சரி." பெட்டியை அடுத்த லைட்டுக்குத் தள்ளினான். பார்த்தான். மறுபடி பார்த்தான். "இது ஃபெயில்."

"எது?"

"இந்தப் பக்கம். ரொம்பக் கீழ பாக்குது."

"அதை யாரும் இடிக்கலையே! அது வண்டியோட வந்தது, பதினேழு வருஷமா இருக்கு!"

"அதான் தொங்கிப்போச்சு. இடிச்ச பக்கம் சரியா இருக்கு, இடிக்காத பக்கம்தான் தப்பு. எனக்கு இன்னும் ஒரு வண்டி பாக்கி. அதை முடிச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள சரி பண்ணிட்டா பண்ணுங்க."

டிக்கியைத் திறந்தார். உடைந்த லைட்டின் அடியிலிருந்து ஸ்குரூ டிரைவரை உருவினார். பானெட்டைத் தூக்கி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார். திருகும் ஸ்குரூ எங்கேயோ வயர்களுக்குப் பின்னால், துருவோடு துருவாக ஒளிந்திருந்தது. ஓட்டுநர் பக்கத்தில் எலக்ட்ரீஷியன் திருகியபோது வெளிச்சம் எந்தப் பக்கம் ஏறியது என்று பார்த்துவைத்தது இப்போது உதவியது. அவர் எதையும் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லையே. ஒரு திருப்பு. அசையவில்லை. உள்ளங்கையால் கைப்பிடியில் ஒரு குத்து விட்டார். அசைந்தது. ஒன்றரைத் திருப்பு. எதிரே இருந்த சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்துக்கு வந்தன.

இன்ஸ்பெக்டர் வந்தான். பெட்டிக்குள் பார்த்தான். ஜன்னலுக்குப் போய் முத்திரை குத்திய காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். டார்ச்சுக்காரர் முத்திரையில் டார்ச் அடித்துப் பார்த்தார். மை ஈரமாக இருந்தது. உண்மைதான். ஒரு வருஷம்.

காரில் உட்கார்ந்ததும் மனைவிக்குப் போன் போட்டார். "பாஸ்" என்றார். "மாப்பிள்ளைகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா வம்பு" என்றாள்.

யார்டுக்குப் போகுமுன் வழியில் வண்டியை ஓரம் கட்டி, உடைந்த லைட்டை மடியில் வைத்து ஒவ்வொரு மூலையாக டார்ச் அடித்தார். நொறுங்கிய கண்ணாடி. உரிந்த பளபளப்பு. கறுத்த வயர் மூன்று. தங்கமில்லை, வெள்ளியில்லை. ஆனாலும் எதுவுமே இல்லாததற்கு ஒருத்தி இரண்டு தடவை கேட்பாளா?

கொண்டுபோய் மேஜையில் வைத்தார். கடைக்கார அம்மா அதைத் திருப்பினாள். பின்னால் இருந்த கறுப்பு மூடியை ஒரு திருகில் கழற்றினாள். மிச்சத்தை அப்படியே பக்கத்திலிருந்த தகரப் பீப்பாயில் எறிந்தாள். கண்ணாடி சிதறிய சத்தம் கேட்டது.

"இதுக்கா?" என்றார்.

"இதுக்குத்தான். லைட்டைக் கழட்டுறவன் எவனும் பின்மூடியைத் திரும்ப மாட்டமாட்டான், எங்கயாவது போட்டுருவான். மூடியில்லேன்னா மழைத்தண்ணி உள்ள போயிரும். எங்கிட்ட மூடியில்லாம இருபது லைட்டு கிடக்கு."

"ஒரு மூடிக்காகவா இவ்வளவும்?"

"ஒரு மூடிக்காகத்தான். பாஸ் ஆச்சுல்ல? கிளம்புங்க பெரியவரே, கடையைச் சாத்தணும்."

டார்ச்சுக்காரர் பீப்பாயைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கேட்க இன்னொரு கேள்வி இருந்தது, என்னவென்று தெரியவில்லை. திரும்பி நடந்தார். வேலியைத் தாண்டியதும் தகரத்தில் ஒரு ஓட்டை கண்ணுக்குச் சரியாக இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தார். அவள் பீப்பாய் பக்கம் போகவில்லை. மூடியை ஒரு துணியில் துடைத்து, வேறொரு லைட்டின் முதுகில் திருகிக்கொண்டிருந்தாள்.

பீப்பாயில் எறிந்ததை இப்போது எடுக்கமாட்டாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் இங்கே நிற்பது அவளுக்குத் தெரியும். போன பிறகுதான் எடுப்பாள்.

கார் பக்கம் வந்தார். ஓட்டுநர் பக்க லைட்டைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. "இன்னிக்கு நிக்குது" என்று அதனிடமே சொல்லிவிட்டு, கதவைத் திறக்குமுன் இன்னொரு தடவை வேலியைத் திரும்பிப் பார்த்தார்.